அம்மா ‘இல்லை’ என்றாள், மாமா ‘ஆம்’ என்றார்: உடற்பயிற்சிக் கணக்கில் வயதும் பாலினமும்

போன வருடம் வீட்டில் எல்லோருமாக மாஸ்டர் செக்கப் செய்துகொள்ளப் போனோம். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். வயது என்ன, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசிக்கு முன்னால் ஒரு கேள்வி: ‘தவறாமல் உடற்பயிற்சி செய்வீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

மாமா யோசிக்கவே இல்லை, ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தார். அறுபத்தெட்டு வயது, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் முக்கால் மணி நேரம் பூங்காவில் வாக்கிங். வீடு திரும்பினால் பேப்பர், டிவி, சாப்பாடு, தூக்கம், மறுபடியும் டிவி.

அம்மாவும் யோசிக்கவில்லை. ‘இல்லை’ என்று அடித்துவிட்டு, “நமக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம்” என்றாள். அவள் காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டும் குனிந்துகொண்டும்தான் இருக்கிறாள். அக்காதான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திணறினாள். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், ஐ.டி. வேலை. “மூணு மாசம் ஜிம்முக்குப் போனேனே, அதைச் சொல்லலாமா?” என்று கேட்டாள். கடைசியில் அவளும் ‘இல்லை’.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படிவங்களைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு என்ன தெரியும்? வயதான ஆண்கள் சுறுசுறுப்பானவர்கள், நடுவயதுப் பெண்கள் சோம்பேறிகள் என்றுதான் தெரியும். எந்த வயதில், எந்தப் பாலினத்தவர், எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று அடிக்கடி செய்திகளில் புள்ளிவிவரம் வருகிறதே, அதைப் படிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. எதை அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். யார் சோம்பேறி என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உடல் உழைப்பும் உடற்பயிற்சியும்

பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆய்வாளர்கள் பிரித்துத்தான் பேசுவார்கள். 1985இல் காஸ்பர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதிய வரையறையைத்தான் இன்றுவரை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். தசைகள் இயங்கி உடம்பு சக்தியைச் செலவழிக்கும் எந்த அசைவும் உடலியக்கம். மாடி ஏறுவது, துணி பிழிவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, களை பறிப்பது எல்லாம் இதில் அடக்கம். உடற்பயிற்சி அதற்குள் இருக்கும் ஒரு சின்ன வட்டம். திட்டமிட்டு, ஒரு ஒழுங்கோடு, திரும்பத் திரும்ப, உடல் தகுதியைக் கூட்டவோ காக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்வதற்கு மட்டும் அந்தப் பெயர்.

நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே மூன்றாவது மாடிக்கு அம்மா துணி காயப்போட ஏறினால் அது வேலை. மாமா உடம்புக்காக ஏறினால் உடற்பயிற்சி. முழங்காலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. படிவத்துக்குத் தெரியும்.

எவ்வளவு இயங்கினால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கத்தில் இருக்க வேண்டும். கடுமையான இயக்கம் என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். ‘மிதமான’ என்பதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. பேச முடியும், பாட முடியாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. விழாமல் சமநிலை காக்கும் பயிற்சியை வாரத்தில் 3 நாள் செய்யச் சொல்கிறார்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு, சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு நடுவே விட்டுவிட்டு நடப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. என்ன காரணமோ, நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது பெரிதாக வரவே இல்லை.

ஜப்பான்காரர்களின் அளவுகோல்

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது ஜப்பான் நாட்டின் கணக்கு. அங்கே சுகாதார அமைச்சகம் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு என்று ஒன்றை நடத்துகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், பட்டினியின் அளவைக் கணக்கிட்டு உணவு உதவி பெறுவதற்காக ஆரம்பித்தது. இன்று அதே ஆய்வில், உண்டு கொழுத்துவிட்டோமா, போதுமான அளவு நடக்கிறோமா என்று பார்க்கிறார்கள்.

அவர்கள் ‘உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்’ என்பதற்குக் கறாரான இலக்கணம் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 2 தடவையாவது செய்ய வேண்டும். அதுவும் 1 வருடத்துக்கு மேல் தொடர்ந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ‘ஆம்’. அக்காவின் மூன்று மாத ஜிம் அங்கேயும் எடுபடாது.

2019ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களில் 33.4 சதவீதம் பேரும் பெண்களில் 25.1 சதவீதம் பேரும் இந்த இலக்கணத்துக்குள் வந்தார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆண்களின் விகிதத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பெண்களின் விகிதம் குறைந்திருந்தது. இது மேலோட்டமான படம்தான். வயதுவாரியாகப் பிரித்தால்தான் கதை ஆரம்பிக்கிறது. ஆண்களில் மிகக் குறைவாக இருந்தவர்கள் நாற்பதுகளில் இருப்பவர்கள், 18.5 சதவீதம். பெண்களில் முப்பதுகளில் இருப்பவர்கள், 9.4 சதவீதம். பத்துப் பெண்களில் ஒருவர்கூட இல்லை.

இரண்டு பள்ளங்களும் வேறு வேறு இடத்தில் விழுந்திருப்பதைப் பாருங்கள். ஆண்களின் பள்ளம் வேலையில் பொறுப்பு உச்சத்துக்குப் போகும் வயதில் இருக்கிறது. பெண்களின் பள்ளம் அதற்கு பத்து வருடம் முன்னதாக, பிள்ளை சின்னதாக இருக்கும் வயதில் இருக்கிறது. சோம்பல் காரணமாக இருந்தால் இரண்டும் இப்படித் துல்லியமாக வாழ்க்கையின் வேறு வேறு திருப்பங்களில் வந்து விழுமா?

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜப்பானில் 2021இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் மனைவி வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடம் செலவிடுகிறார். கணவர் 1 மணி 54 நிமிடம். இந்த வித்தியாசத்தில் ஒரு நாளுக்கு ஐந்து தடவை வாக்கிங் போய்வரலாம்.

அந்த ‘1 வருடம்’ என்ற நிபந்தனையும் பெண்களுக்குத்தான் அதிகம் வலிக்கும். கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆபரேஷன் என்று இடையில் எது வந்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எதுவும் குறுக்கிடாத ஒரு வருடம் என்பது லாட்டரி மாதிரி.

அதே மனிதர்கள், வேறு அளவுகோல்

இனிதான் சுவாரசியம். அதே 2019 ஆய்வில் ஒரு நாளுக்கு எத்தனை காலடி நடக்கிறார்கள் என்பதையும் கருவி வைத்து எண்ணினார்கள். இரண்டு அளவுகோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

20 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள் ஆண்களில் 23.5 சதவீதம், பெண்களில் 16.9 சதவீதம். 65ஐத் தாண்டியவர்களில் அது 41.9 ஆகவும் 33.9 ஆகவும் ஏறிவிடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் இளையவர்களை ஏறக்குறைய இரண்டு மடங்கு முந்திவிடுகிறார்கள்.

காலடிக் கணக்கு என்ன சொல்கிறது? 20 முதல் 64 வயது ஆண்கள் சராசரியாக 7,864 காலடி, பெண்கள் 6,685. 65ஐத் தாண்டிய ஆண்கள் 5,396, பெண்கள் 4,656. அப்படியே தலைகீழ். உடற்பயிற்சிப் பழக்கம் குறைவாக உள்ள இளையவர்கள், அது அதிகமாக உள்ள பெரியவர்களைவிடச் சராசரியாக அதிகம் நடக்கிறார்கள்.

முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. இளையவர்களின் நடை ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் கரைந்துபோகிறது. அதற்குப் பெயர் கிடையாது, அதனால் படிவத்தில் ஏறுவதில்லை. பெரியவர்களுக்கு வேலை போய்விட்டது, கூடவே வேலைக்குப் போகும் நடையும் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப, பெயர் வைத்து ஒரு நடை நடக்கிறார்கள். எங்கள் மாமா பணியில் இருந்த காலத்தில் வாக்கிங் போனதே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார், பஸ்ஸில் நின்றார், கிளையில் கௌண்டருக்கும் லாக்கருக்கும் அலைந்தார். அன்றைக்கு இந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் ‘இல்லை’ என்றுதான் அடித்திருப்பார்.

பெண்களின் கணக்கையும் பாருங்கள். 20 முதல் 64 வயதில் பழக்கக் கணக்கை எடுத்தால் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ 28 சதவீதம் பின்தங்கியிருக்கிறார்கள். காலடிக் கணக்கில் அந்த இடைவெளி 15 சதவீதம்தான். அளவுகோல் மாறினால் பெண்களின் ‘சோம்பேறித்தன’மும் பாதியாகிவிடுகிறது.

ஜப்பான் இலக்கணத்துக்கு வேறு ஓட்டைகளும் உண்டு. அங்கே காலை 6.30 மணிக்கு வானொலியில் பியானோ இசையோடு உடற்பயிற்சி ஒலிபரப்பாகும். ரேடியோ தைசோ என்பது அதன் பெயர். 1928 நவம்பரில் தொடங்கி, போருக்குப் பின் சில காலம் நின்றுபோய், 1951இல் புது வடிவம் பெற்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், வந்ததற்கு அடையாளமாக முத்திரை குத்திக்கொண்டு வருவார்கள். ஆனால் ஒலிபரப்பு மொத்தமே 10 நிமிடம்தான். நாற்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் அதை மட்டும் செய்துவரும் பாட்டியம்மா, 30 நிமிட நிபந்தனையின்படி பழக்கம் இல்லாதவர். வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் ஷட்டில் ஆடுபவர் பழக்கம் உள்ளவர். ஆனால் அவர் வாரத்துக்கு மொத்தம் 60 நிமிடம்தான் ஆடுகிறார், உலக சுகாதார நிறுவனத்தின் 150ஐ எட்டவே மாட்டார்.

காலடியை எண்ணும் பழக்கமே ஜப்பானிலிருந்து வந்ததுதான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965இல், ஒரு கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் காலடிக் கருவி என்று அர்த்தம். நம் கைக்கடிகாரங்களும் போன்களும் இன்றுவரை விரட்டும் 10,000 என்ற எண்ணின் பூர்வீகம் அதுதான். மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்த எண் இல்லை, வாயில் நன்றாக நிற்கும் எண். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்ததே, அதற்கும் டோக்கியோவில் பார்த்த நடைபாதைதான் முன்மாதிரி. 8 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 10,000 காலடி.

அப்படியானால் வீட்டு வேலையே போதுமா?

இதுவரை படித்துவிட்டு, ‘பார்த்தாயா, அம்மாவுக்கு உடற்பயிற்சியே தேவையில்லை’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் ஜப்பானுடையதைவிடத் தாராளமானது. வேலை, பயணம், ஓய்வு நேரம் என்று மூன்று இடங்களில் நடக்கும் இயக்கத்தையும் கேட்கிறது. வேலை என்பதில் சம்பளம் இல்லாத வீட்டு வேலையும் சேர்த்தி. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் உலகப் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், போதுமான அளவு இயங்கவில்லை. பெண்களில் 34 சதவீதம், ஆண்களில் 29 சதவீதம். இந்தியாவில் இது 49.4 சதவீதம். பெண்களில் 57, ஆண்களில் 42. இதே இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் 22.3 சதவீதமாகத்தான் இருந்தது. வீட்டு வேலையைச் சேர்த்து எண்ணியும் பாதிக்கு மேற்பட்ட இந்தியப் பெண்கள் வரம்பைத் தொடவில்லை.

எப்படி? அம்மா காலை முதல் இரவுவரை ஓய்வதில்லையே?

சோர்வு வேறு, பயிற்சி வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மெட் என்ற அலகால் குறிப்பார்கள். மிதமான இயக்கம் என்றால் 3 மெட்டுக்காவது போக வேண்டும். வேகமாக நடப்பது, வீடு கூட்டித் துடைப்பது போன்றவை அந்த வரம்பைத் தாண்டும். நின்றுகொண்டு சமைப்பது, காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் அதற்குக் கீழேயே நின்றுவிடும். கால் வலிக்கும், இடுப்பு கடுக்கும், ஆனால் இதயத்துக்கு வேலை இருக்காது. பாட்டி காலத்து வீட்டு வேலை இப்படி இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தாள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள், அம்மியில் அரைத்தாள், உலக்கை பிடித்து இடித்தாள். மிக்ஸியும் கிரைண்டரும் குழாயும் வாஷிங்மெஷினும் வந்து கனத்த வேலைகளை எடுத்துக்கொண்டன. நேரத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. (யாரும் ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அதைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதில் மாவாட்டியதில்லை.)

நேரக் கணக்கு நம் நாட்டுக்கும் இருக்கிறது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களாகச் சொன்ன பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 2019இல் 299 நிமிடமும் 2024இல் 289 நிமிடமும் செலவிட்டார்கள். ஆண்கள் முதலில் 97, பிறகு 88 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்களுக்கு 10 நிமிடம் மிச்சமானது என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆக, அம்மாவின் நிலைமை இரண்டு பக்கமும் இடி. அவள் செய்யும் வேலையை உடற்பயிற்சி என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணினாலும் அது போதவில்லை. போதாததைச் சரிக்கட்ட நேரமும் இல்லை.

பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பிக்கிறது

இடைவெளி கல்யாணத்துக்குப் பிறகு வருவதாக நினைத்தால் தவறு. 146 நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 2016இல் 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களில் ஆண் பிள்ளைகள் 80இலிருந்து 78க்கு லேசாக முன்னேறினார்கள். பெண் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நம் ஊரில் காரணங்களைத் தேடி அலைய வேண்டாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். அது இருபாலாருக்கும் பொது. பையன் சாயங்காலம் மைதானத்தில் அதை ஈடுகட்டிவிடுவான். பெண்ணுக்கு அந்தச் சாயங்காலம் கிடையாது. வயதுக்கு வந்த பிறகு ஓடுவதும் குதிப்பதும் ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு’ என்று ஆகிவிடும். மாதவிலக்கு நாளில் பள்ளிக் கழிப்பறை இருக்கும் லட்சணத்தில் யாருக்கு விளையாடத் தோன்றும்? பன்னிரண்டு வயதில் விட்டதை முப்பது வயதில் ஜிம்முக்குப் பணம் கட்டித் திரும்பப் பிடிக்க முடியாது. உடம்புக்கே அது பழகாத மொழியாகிவிட்டிருக்கும்.

‘பெண்ணுடம்பு தாங்காது’ என்ற பேச்சுக்கு ஒலிம்பிக்ஸிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. ரேடியோ தைசோ தொடங்கிய அதே 1928இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே தங்கம் வாங்கினார். ஜப்பானின் கினுயே ஹிதோமி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான், அதுவும் தனக்குப் பழக்கமே இல்லாத தூரத்தில். ஓடி முடித்த பெண்கள் களைத்துச் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. விளைவு, 1960வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லை. மாரத்தான் 1984இல்தான் வந்தது. ஓட்டம் முடிந்ததும் ஆண்களும் களைத்து விழுவார்கள்தான், அதற்குப் பெயர் வீரம்.

உடம்பில் வேறுபாடு இல்லாமல் இல்லை. சராசரியாக ஆண்களுக்குத் தசை அதிகம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், அதனால் ஓட்டத்தில் வேகம் அதிகம். அது யார் முதலில் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். யார் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பார்கள் என்பதற்கும் ஹீமோகுளோபினுக்கும் அதிக சம்பந்தமில்லை. தெருவிளக்கு எரிகிறதா, தெருநாய் துரத்துமா, பின்னாலேயே எவனாவது பைக்கில் வருவானா, சுடிதாருக்கு ஷூ போட்டுக்கொண்டு போனால் எதிர்வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதோடுதான் சம்பந்தம். எங்கள் பகுதிப் பூங்காவில் காலையில் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக வேகமாக நடக்கும் பெண்களில் ஐம்பதுக்குக் கீழே ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு, பெரும்பாலும் டாக்டர் சர்க்கரை அளவைக் காட்டி மிரட்டிய பிறகு, வந்தவர்கள்.

வயதுக் கோட்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை

ஜப்பான் கணக்கில் எழுபது வயதுக்காரர்கள் அதிகம் பயிற்சி செய்கிறார்கள் என்பதை வைத்து, இன்றைய முப்பது வயதுக்காரர்களும் எழுபது வயதில் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரே நாளில் வெவ்வேறு வயதினரைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரே மனிதரை நாற்பது வருடம் பின்தொடரவில்லை. 2019இல் எழுபதைத் தாண்டியவர்கள் 1949க்கு முன்னால் பிறந்தவர்கள். சிறுவயதில் எல்லா இடத்துக்கும் நடந்தே போன தலைமுறை அது. இன்றைய முப்பதுகள் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். அது மட்டுமா? எழுபது வயதில் படுத்த படுக்கையாக இருப்பவர் ஆய்வுக்கு வருவதில்லை, முன்னமே இறந்துபோனவரும் வருவதில்லை. வந்தவர்கள் ஓரளவு நன்றாக இருப்பவர்கள். வயது செய்தது எது, தலைமுறை செய்தது எது, பிழைத்திருந்தவர்களை மட்டும் எண்ணியதால் வந்தது எது என்று ஒரே ஒரு படத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொன்று, வாயால் சொல்வதை நம்பி எடுக்கும் கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மாமாவின் ‘முக்கால் மணி நேர வாக்கிங்’கில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசும் நேரமும் அடக்கம் என்பது எனக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது.

அதைவிட முக்கியமானது, மாமா மாதிரி நடப்பதோடு நிறுத்திவிடும் பெரியவர்களுக்கு எந்தக் கணக்கிலும் வராத ஒரு பள்ளம் இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லக் கரைய ஆரம்பிக்கிறது, அறுபதுக்கு மேல் வேகமாக. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் எலும்பும் சேர்ந்து வலுவிழக்கிறது. நடை இதயத்துக்கு நல்லது, தசைக்கு அது மட்டும் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று எடையோடு மல்லுக்கட்டும் வேலை ஏதாவது வாரம் இரண்டு நாள் வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எடை தூக்குவது இருபது வயதுப் பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று செய்யும் சமாச்சாரம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அந்தப் பையன்களைவிட அவர்களுடைய பாட்டிகளுக்குத்தான் அது அதிகம் தேவை. பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பரிசோதனை முடிவு வந்தது. மாமாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில். அம்மாவுக்கு வைட்டமின் டி குறைவு, எலும்பு அடர்த்தியும் குறைய ஆரம்பித்திருந்தது. அக்காவுக்கு எல்லாம் சரி, “இப்போதைக்கு” என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி அம்மாவிடம், “ஒரு நாளைக்கு மொட்டை மாடிக்கு எத்தனை தடவைம்மா ஏறுற?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். “காலையில துணி காயப்போட ஒண்ணு. வத்தல் போட்டா இன்னொண்ணு. மழை வர்ற மாதிரி இருந்தா எடுக்க ஒண்ணு. செடிக்குத் தண்ணி ஊத்த சாயங்காலம். அப்புறம் உங்க மாமா டேங்க் நிரம்பிடுச்சான்னு பாக்கச் சொல்வான், அது ஒண்ணு...”

“மாமாவே போய்ப் பார்க்கலாமே?”

“அவனுக்கு முட்டி வலிடி. காலையிலதானே அவ்வளவு தூரம் நடந்துட்டு வரான்.”